ரூபாய் விழுந்தால் ஏற்றுமதி பெருகுமா? கீதா கோபிநாத்தின் ஆராய்ச்சி உண்மையில் சொல்வது

கேள்வி இது: “ரூபாய் மதிப்பு குறைந்தால் ஏற்றுமதி கூடும், இறக்குமதி குறையும் என்றுதான் கல்லூரியில் படித்தோம். கீதா கோபிநாத் இதைத் தப்பு என்று நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். உண்மையா? அவர் வகித்த பதவிகளைப் பற்றித்தான் எங்கும் எழுதுகிறார்கள். ஆராய்ச்சியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.”

தப்பு என்று பொருளாதார அறிஞரான கீதா சொல்லவில்லை. பாதிதான் சரி என்கிறார். ரூபாய் விழுந்தால் இறக்குமதி குறையும் என்ற பாதி நன்றாகவே வேலை செய்கிறது. ஏற்றுமதி கூடும் என்ற பாதி, ஓரிரு ஆண்டு கணக்கில் பார்த்தால், ரொம்பவும் மந்தம். இதற்கு அவர் காட்டும் காரணம் ஒன்றே ஒன்று: பில் எந்த நாணயத்தில் போடப்படுகிறது என்பது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இதைத் தொடர்ந்து போனால் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி முடிவு, அமெரிக்காவுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு நாடுகளின் வணிகத்தை எப்படிச் சுருக்குகிறது என்பது வரை வந்து நிற்போம்.

பதவிகளை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். 1971-ல் கொல்கத்தாவில் பிறந்து மைசூரில் வளர்ந்தவர். டெல்லியில் படித்து, 2001-ல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம். வழிகாட்டிகளில் பென் பெர்னான்கியும் கென்னத் ரோகாஃபும் உண்டு. சிகாகோ, பிறகு 2005 முதல் ஹார்வர்டு. 2019-ல் சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணர், 2022-ல் அங்கேயே இரண்டாம் இடம், 2025-ல் மறுபடி ஹார்வர்டு.

சரி, பாடப்புத்தகத்துக்கு வருவோம். பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1953-ல் எழுதிய கட்டுரை ஒன்றுதான் மிதக்கும் நாணயத்துக்கான, அதாவது நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடமே விட்டுவிடுவதற்கான, வாதத்தின் அடிவேர். கோடைக்காலத்தில் ஊரில் உள்ள ஒவ்வொருவரும் தன் பழக்கத்தை ஒரு மணி நேரம் மாற்றிக்கொள்வதைவிடக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்திவிடுவது சுலபம் அல்லவா. அதுபோல நாட்டிலுள்ள ஆயிரக்கணக்கான விலைகளையும் கூலிகளையும் குறைப்பதைவிட நாணயத்தின் மதிப்பை மட்டும் குறைப்பது சுலபம் என்றார். பிறகு மண்டெல், ஃப்ளெமிங் என்ற இரு அறிஞர்கள் 1960-களில் கொடுத்த பொருளாதார மாதிரியும் (model) இதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. உலகத்து மத்திய வங்கிகள் அரை நூற்றாண்டு இதை வைத்துத்தான் யோசித்தன.

இதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஏற்றுமதி செய்பவர் தன் சொந்த நாணயத்தில் விலை வைக்கிறார் என்பது. ஒரு டி-ஷர்ட்டை 400 ரூபாய் என்று விலை வைத்தால், டாலர் 80 ரூபாயாக இருக்கும்போது அமெரிக்கக் கடைக்காரருக்கு அது 5 டாலர். டாலர் 100 ரூபாய் ஆகிவிட்டால் அதே சட்டை 4 டாலர். அவருக்கு மலிவு, அதனால் அதிகம் வாங்குவார். இதுதான் புத்தகக் கணக்கு.

நடப்பில் அந்த 400 ரூபாய் பில்லை யார் பார்த்திருக்கிறார்கள்? பேரம் பேசும்போதே 5 டாலர் என்றுதான் பேச்சு. ஒப்பந்தத்தில் 5 டாலர், பில்லில் 5 டாலர். ரூபாய் விழுந்த மறுநாளும் வாங்குபவருக்கு அதே 5 டாலர்தான். அவர் ஏன் அதிகம் வாங்க வேண்டும்? மாறுவது ஒன்றுதான்: ஏற்றுமதியாளருக்கு 400 ரூபாய்க்குப் பதில் 500 ரூபாய் கிடைக்கும். லாபம் கூடுகிறது, சரக்கு கூடவில்லை.

இறக்குமதிப் பக்கம் நேர் எதிர். சீனாவிலிருந்து வரும் ரசாயனமானாலும் வளைகுடாவிலிருந்து வரும் கச்சா எண்ணெயானாலும் பில் டாலரில். ரூபாய் விழுந்தால் ரூபாய்க் கணக்கில் விலை கிட்டத்தட்ட முழுசாக ஏறிவிடும். சீனாவிடம் வாங்கும் சரக்குக்கு ரூபாய்க்கும் யுவானுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை; ரூபாய்க்கும் டாலருக்கும் உள்ள விகிதம்தான் விலையைத் தீர்மானிக்கிறது. விலை ஏறுவதால் இறக்குமதி குறைகிறது. ஆக, வணிகப் பற்றாக்குறை சரியாவது நாம் அதிகம் விற்பதால் அல்ல, குறைவாக வாங்குவதால்.

கீதாவும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு வைத்த பெயர் ஆதிக்க நாணயக் கோட்பாடு. 2015-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் ஆண்டுதோறும் கூடும் மத்திய வங்கியாளர்கள் முன்னால் அவர் வைத்த எண்களைப் பாருங்கள். இந்தியாவின் இறக்குமதியில் 86 சதவீதத்துக்கு பில் டாலரில்; அமெரிக்காவிலிருந்து வருவதோ வெறும் 5 சதவீதம். பல நாடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இறக்குமதி பில்களில் டாலரின் பங்கு அமெரிக்கச் சரக்கின் பங்கைப்போல 4.7 மடங்கு இருந்தது. யூரோவுக்கு அதே கணக்கு 1.2 மடங்குதான். அதாவது யூரோ பெரும்பாலும் தன் வீட்டு வணிகத்துக்கே பயன்படுகிறது. டாலர் அடுத்தவர் வீட்டு வணிகத்தையும் நடத்துகிறது.

டாலரில்தான் பில் போடுகிறார்கள் என்பது துறைமுகத்து கிளார்க்குக்கும் தெரியும், இதில் ஆராய்ச்சி எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருளாதார அறிஞர்கள் இதை அறியாமல் விட்டுவிடவில்லை. அது முக்கியமில்லை என்று நினைத்தார்கள். பில் என்பது வெறும் எழுத்து, மாற்று விகிதம் நகர்ந்தால் டாலர் விலையைத் திருத்திவிடுவார்கள், ஆறு மாதத்தில் எல்லாம் நேராகிவிடும் என்பது எதிர்வாதம். இந்த எதிர்வாதத்தை உடைத்ததுதான் உண்மையான வேலை. அதற்கு அவருக்குப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

முதல் அடி 2008-ல், ராபர்ட்டோ ரிகோபோனுடன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் நிறுவனம் நிறுவனமாகச் சேகரித்து வைத்திருக்கும் ஏற்றுமதி இறக்குமதி விலைகளை, 1994 முதல் 2005 வரை, சரக்கு சரக்காக எடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்க இறக்குமதியில் 90 சதவீதமும் ஏற்றுமதியில் 97 சதவீதமும் டாலரில் விலை வைக்கப்பட்டவை. அந்த டாலர் விலைகள் எத்தனை காலம் அசையாமல் நிற்கின்றன? இறக்குமதியில் நடுமதிப்பாக (median) 10.6 மாதம், ஏற்றுமதியில் 12.8 மாதம். பங்குச் சந்தை போல நொடிக்கு நொடி மாறும் உலகம் இல்லை இது. சரக்கு விலைகள் ஏறக்குறைய ஓராண்டு கல்லாக நிற்கின்றன.

இரண்டாவது அடி 2010-ல், ஒலெக் இட்ஸ்கோக்கியும் சேர்ந்துகொண்டார். எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. விலை அசையாமல் நிற்கிறது, சரி. ஆனால் ஒருநாள் திருத்தத்தானே வேண்டும்? அப்படித் திருத்தும்போது மாற்று விகித மாற்றத்தை முழுசாக ஏற்றிவிட்டால் எதிர்வாதம் ஜெயித்துவிடும். ஆகவே விலை மாறிய தருணங்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். டாலரில் விலை வைக்கப்பட்ட சரக்குகளில் மாற்று விகித மாற்றத்தின் 25 சதவீதம்தான் விலைக்குள் வந்தது. டாலர் அல்லாத நாணயத்தில் விலை வைக்கப்பட்டவற்றில் 95 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயல் ஆகாது. திருத்தும் வாய்ப்பு கிடைத்தபோதும் டாலர்க்காரர்கள் திருத்தவில்லை.

ஏன்? இரண்டு காரணம். நம் ஊர் ஏற்றுமதியாளர் தனியாக இல்லை. எதிரே வங்கதேசமும் வியட்நாமும் டாலரில் விலை சொல்லிக்கொண்டு நிற்கின்றன. அவர்கள் விலையைப் பார்த்துத்தான் இவர் விலை. தன் நாணயம் விழுந்தது என்பதற்காக இவர் மட்டும் டாலர் விலையை இறக்க அவசியமில்லை, ஏறியது என்பதற்காக ஏற்றவும் முடியாது. இன்னொன்று, இவருடைய செலவிலேயே ஒரு பங்கு டாலரில் இருக்கிறது. இறக்குமதி செய்த மூலப்பொருள், இயந்திரம், கப்பல் கட்டணம் எல்லாம் டாலர். ரூபாய் விழுந்தால் செலவும் சேர்ந்து ஏறுகிறது, பிறகு எங்கே விலையைக் குறைப்பது?

இந்த இரண்டாம் காரணம் எந்தத் தொழில் என்பதைப் பொறுத்து நிறைய மாறும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒன்றுசேர்த்து ஏற்றுமதியாகும் கைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். சிப், திரை போன்ற விலை உயர்ந்த பாகங்கள் வெளியிலிருந்து டாலரில் வருகின்றன. 100 டாலர் கைபேசியில் 80 டாலர் பாகம் என்று வைத்துக்கொண்டால், ரூபாய் வீழ்ச்சியின் பலன் மிச்சமுள்ள 20 டாலருக்குத்தான். ஜாம்நகரில் கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரித்து விற்பதும் சூரத்தில் பட்டை தீட்டாத வைரத்தை வாங்கித் தீட்டி விற்பதும் இதே வகை. திருப்பூர் பனியன் இதில் சேராது. பஞ்சும் நூலும் கூலியும் பெரும்பாலும் உள்நாடு. ரூபாய் விழுந்தால் அங்கே லாபம் கையில் தெரியும். தெரிந்தவுடனே அடுத்த சீசன் ஆர்டர் பேசும்போது பையரும் அதைக் கணக்கில் வைத்துத் தள்ளுபடி கேட்பார். தவிர, பின்னால் வரப்போகும் டாலரை இன்றே விலை பேசி ஃபார்வர்டில் விற்று வைத்தவருக்கு அந்த லாபமும் இந்தச் சுற்றில் கிடையாது. பின்னலாடை ஊரில் யாரும் இதைக் கோட்பாடு என்று சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு இது திங்கட்கிழமைப் பிழைப்பு.

இனி பெரிய கணக்கு. 2020-ல் வெளியான முக்கியமான கட்டுரையில் கீதா, எமினே போஸ், கமிலா காசாஸ், ஃபெடெரிக்கோ டீஸ், பியர்-ஒலிவியே கூரான்ஷா, மிக்கேல் பிளாக்போர்க்-மோலர் ஆகியோர் 2,500-க்கும் மேற்பட்ட நாட்டு ஜோடிகளின் வணிகத்தை ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். உலக வணிகத்தில் பத்தில் ஒன்பது பங்கு அதில் அடங்கும். ஒரு ஜோடி நாடுகளுக்கு நடுவே விலையையும் அளவையும் எது நகர்த்துகிறது என்று பார்த்தால், அவ்விரு நாணயங்களுக்குள் உள்ள விகிதத்தைவிட இறக்குமதி செய்யும் நாட்டு நாணயத்துக்கும் டாலருக்கும் உள்ள விகிதமே பலமாக இழுக்கிறது. இதிலிருந்து பிறக்கும் கணிப்புதான் தலைப்புச் செய்தி: மற்ற எல்லா நாணயங்களுக்கும் எதிராக டாலர் 1 சதவீதம் வலுத்தால், அமெரிக்காவைத் தவிர்த்த மீதி உலகம் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிகத்தின் அளவு ஓராண்டுக்குள் 0.6 சதவீதம் குறைகிறது. உலகப் பொருளாதாரம் மொத்தமாக மந்தமாக இருந்ததால் அப்படித் தெரிகிறதோ என்ற சந்தேகத்தையும் கழித்த பிறகு வரும் எண் இது.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். பிரேசில் இந்தியாவிடம் மருந்து வாங்குகிறது. பிரேசிலின் நாணயமான ரியாலும் ரூபாயும் டாலருக்கு எதிராக ஒரே அளவு விழுகின்றன. ரியாலுக்கும் ரூபாய்க்கும் நடுவே எதுவும் மாறவில்லை, ஆகவே வணிகமும் மாறக் கூடாது என்கிறது பழைய பாடம். ஆனால் மருந்து பில் டாலரில் இருப்பதால் பிரேசில்காரருக்கு விலை ஏறிவிட்டது, குறைத்து வாங்குகிறார். 2022-ல் ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து டிசம்பருக்குள் 4.25–4.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது, டாலர் இருபது ஆண்டு காணாத உச்சத்தைத் தொட்டது. ரூபாயும் 75-ஐ ஒட்டி இருந்தது 82, 83 வரை போனது. அந்த ஆண்டில் எத்தனையோ நாட்டு நிதியமைச்சர்கள் புலம்பியதில் இந்தப் பில் விவகாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இலங்கையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் அதைத் தப்பாகப் படிக்கிறார்கள். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது ஒரு டாலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாய் வாக்கில் போய்விட்டது. பழைய பாடப்படி ஏற்றுமதி பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். 2021-ல் சுமார் 1,250 கோடி டாலராக இருந்த சரக்கு ஏற்றுமதி 2022-ல் சுமார் 1,310 கோடி டாலர். இறக்குமதியோ 2,060 கோடியிலிருந்து 1,830 கோடி டாலருக்கு இறங்கியது. பற்றாக்குறை குறைந்தது பெரும்பாலும் வாங்காமல் இருந்ததால்தான். இதை ஆதிக்க நாணயக் கோட்பாட்டுக்குச் சுத்தமான சாட்சி என்று நான் சொல்ல மாட்டேன்: இறக்குமதித் தடைகள் இருந்தன, கையில் டாலரே இல்லை, 2021-ன் ரசாயன உரத் தடை தேயிலை விளைச்சலை அடித்துவிட்டிருந்தது. ஆனால் திசை என்னவோ கோட்பாடு காட்டும் திசைதான். அந்தச் சரிக்கட்டலின் வலி மண்ணெண்ணெய் வரிசையிலும் மருந்துக்கடையிலும் தெரிந்ததே தவிர ஏற்றுமதி ஆலைகளின் கூடுதல் ஷிஃப்டில் தெரியவில்லை.

டாலருக்கு ஏன் இந்த இடம் என்பது அடுத்த கேள்வி. ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர்களில் ஒருவராக இருந்த ஜெரமி ஸ்டைனுடன் சேர்ந்து 2021-ல் கீதா தந்த விளக்கம் ஒரு சுழற்சி. இறக்குமதி பில் டாலரில் வருவதால், அதைக் கட்ட வேண்டியவர்கள் பத்திரமான டாலர் சேமிப்பை வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். அதற்கு இவ்வளவு கிராக்கி இருப்பதால் டாலர் கடனுக்கு வட்டி மலிகிறது. மலிவாகக் கிடைப்பதால் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கம்பெனிகளும் டாலரில் கடன் வாங்குகின்றன. டாலரில் கடன் இருப்பவருக்கு வருமானமும் டாலரில் இருப்பதுதான் பத்திரம், ஆகவே ஏற்றுமதி பில்லையும் டாலரில் போடுகிறார். அந்த பில் இன்னொரு நாட்டுக்கு இறக்குமதி பில். சுழற்சி முழுசாகிவிட்டது. மத்திய வங்கிகளின் கையிருப்பு டாலரில் குவிவதும் இதன் தொடர்ச்சியே.

டாலருக்கு மாற்று என்று அடிக்கடி கிளம்பும் உற்சாகத்தை இதை வைத்து எடைபோடலாம். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி, வெளிநாட்டு வணிகத்தை ரூபாயிலேயே முடித்துக்கொள்ள வழிசெய்தது. ரஷ்ய எண்ணெய் வரத்து கூடியது. 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் பல நூறு கோடிக் கணக்கான ரூபாய் சேர்ந்துகிடக்கிறது, அதை எங்களால் பயன்படுத்த முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ரூபாயில் பில் போட யாரும் தடை சொல்லவில்லை. கிடைத்த ரூபாயை வைத்து எதை வாங்குவது, எங்கே சேமிப்பது என்பதில் சிக்கியது. பில், சேமிப்பு, கடன் மூன்றும் சேர்ந்து நகர்ந்தால் ஒழிய ஒன்றை மட்டும் நகர்த்துவது கஷ்டம். பவுண்டின் இடத்துக்கு டாலர் வந்தது போல நாளை இன்னொன்று வரலாம்தான், ஆனால் ஒரு மாநாட்டு அறிக்கையால் வராது.

முன்பு சொன்ன அமெரிக்கச் சரக்கு விலைத் தரவைக் கையாண்ட அனுபவம் இறக்குமதி வரிகள் விஷயத்தில் அவருக்கு உதவியது. ஆல்பர்ட்டோ கவாலோ, பிரென்ட் நீமன், ஜென்னி டாங் ஆகியோருடன் 2018-ன் அமெரிக்க வரிகளை ஆராய்ந்தபோது, வெளிநாட்டு ஏற்றுமதியாளர்கள் தங்கள் டாலர் விலையை ஏறக்குறைய குறைக்கவே இல்லை என்று தெரிந்தது. எல்லையில் வரி முழுதும் அமெரிக்க இறக்குமதியாளர் தலையில்தான் விழுந்தது. எஃகு ஒரு விதிவிலக்கு, அதில் வெளிநாட்டவர் விலையை இறக்கினார்கள். கடை அலமாரியில் விலை அந்த அளவு ஏறவில்லை. சில்லறை வணிகர்கள் லாபத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதமானபோது, ரூபாய் விழுந்தால் அடி கொஞ்சம் சரிக்கட்டும் என்று சிலர் எழுதினார்கள். தானாகச் சரிக்கட்டாது. பில் டாலரில் இருக்கும்போது ரூபாய் எங்கே போனாலும் அமெரிக்கத் துறைமுகத்தில் வரி விதிக்கப்படும் விலை அசையாது. ஏற்றுமதியாளர் தன் கூடுதல் ரூபாயைத் தள்ளுபடியாக விட்டுக்கொடுத்தால்தான் அசையும்.

அவருடைய மற்ற வேலைகளில் இரண்டைச் சுருக்கமாகத் தொடுகிறேன். மார்க் அகியாருடன் 2007-ல் எழுதியது மெக்சிகோவையும் கனடாவையும் ஒப்பிடுகிறது. வளரும் நாடுகளில் நுகர்வு ஏன் வருமானத்தைவிட அதிகமாக ஆடுகிறது என்பது கேள்வி. அங்கே அரசும் கொள்கையும் அடிக்கடி தடம் மாறுவதால், வரும் அதிர்ச்சி தற்காலிகமானதாக இல்லாமல் வளர்ச்சியின் பாதையையே மாற்றிவிடுகிறது. நல்ல காலம் நிலைக்கும் என்று நம்பி மக்கள் கடன் வாங்கிச் செலவழிக்கிறார்கள், பாதை சரிந்தால் ஒரேயடியாகச் சுருக்குகிறார்கள் என்பது பதில். இதை எல்லோரும் ஏற்கவில்லை. அர்ஜென்டினாவின் நூறாண்டுத் தரவை எடுத்துப் பார்த்த வேறு சிலர், பாதை மாற்றத்தைவிடக் கடன் சந்தையின் கோளாறுகளே பெரிது என்றார்கள். அந்த விவாதத்தில் எதிர்தரப்புக்கு வலு அதிகம் என்பது என் கருத்து. இன்னொன்று, யூரோ வந்த பிறகு ஸ்பெயினில் வட்டி விழுந்து பணம் கொட்டியபோது அது திறமையான கம்பெனிகளுக்குப் போகாமல், ஏற்கெனவே சொத்து வைத்திருந்த பெரிய கம்பெனிகளுக்குப் போய் உற்பத்தித் திறனைக் கெடுத்தது என்று 2017-ல் காட்டியது. மலிவான பணம் வந்தாலே நல்லது என்று நினைப்பவர்களுக்கு அது ஒரு கசப்பு மருந்து.

இந்திய வாசகர்கள் தவறவிடக் கூடாதது, 2016 நவம்பர் 8 இரவின் பணமதிப்பிழப்பைப் பற்றி கேப்ரியல் சோடோரோவ்-ரைக், பிராச்சி மிஸ்ரா, அபினவ் நாராயணன் ஆகியோருடன் எழுதி 2020-ல் வெளியானது. இதில் அரசியல் கூச்சல் எதுவும் இல்லை, வழிமுறை அழகு. புழக்கத்தில் இருந்த பணத்தில் மதிப்பளவில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாததாகிவிட்டது. நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் நடந்த ஒன்றின் பாதிப்பை எப்படி அளப்பது? ஒப்பிட இன்னொரு இந்தியா இல்லையே. ஆனால் புது நோட்டு எல்லா மாவட்டத்துக்கும் ஒரே வேகத்தில் போய்ச் சேரவில்லை. சில மாவட்டங்களுக்குச் சீக்கிரம், சில மாவட்டங்கள் வாரக்கணக்கில் காய்ந்தன. எந்த மாவட்டத்தில் எவ்வளவு பழைய நோட்டு போய் எவ்வளவு புது நோட்டு வந்தது என்ற தரவைப் பிடித்து, அந்த ஏற்றத்தாழ்வையே அளவுகோலாக்கினார்கள். அமைப்புசாராத் தொழில்கள் அரசுப் புள்ளிவிவரத்தில் ஒழுங்காகப் பதிவாவதில்லை. ஆகவே செயற்கைக்கோள் படங்களில் தெரியும் இரவு வெளிச்சத்தையும் வீட்டுக்கு வீடு எடுத்த வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பையும் பயன்படுத்தினார்கள்.

நோட்டுத் தட்டுப்பாடு அதிகமிருந்த மாவட்டங்களில் வெளிச்சமும் வேலையும் அதிகம் குறைந்தன, வங்கிக் கடன் வளர்ச்சியும் தளர்ந்தது, மின்னணுப் பரிமாற்றம் வேகமாகப் பரவியது. நாட்டளவில் கூட்டினால், 2016-ன் கடைசிக் காலாண்டில் இரவு வெளிச்சத்தை வைத்துக் கணித்த உற்பத்தியும் வேலைவாய்ப்பும், நோட்டுத் தட்டுப்பாடு இல்லாதிருந்தால் இருந்திருக்க வேண்டிய நிலையைவிடக் குறைந்தபட்சம் 2 சதவீதப் புள்ளி குறைவு. அடுத்த சில மாதங்களில் அந்தப் பாதிப்பு மறைந்தது. ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் இதில் தங்களுக்கு வேண்டியதை மட்டும் பிய்த்துக்கொண்டு போனார்கள். கட்டுரையின் சொந்தக் கேள்வி வேறு: நவீனப் பொருளாதாரத்தில் ரொக்கம் என்பது வெறும் கணக்கு அலகா, உண்மையில் தேவைப்படும் பொருளா? ரொக்கத்தையே வைக்காமல் மாதிரி கட்டுவது பணக் கொள்கை ஆய்வில் வழக்கமாகிவிட்டிருந்தது. இந்தியத் தரவு அந்த வழக்கத்துக்கு எதிராக நின்றது.

கேள்வியின் உள்ளே இருந்த இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: ரூபாய் விழுவதால் ஏற்றுமதி பெரிதாகக் கூடப்போவதில்லை என்றால், ரிசர்வ் வங்கி அதை ஒரே இடத்தில் கட்டி வைத்தால் என்ன? கீதாவின் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு இந்த முடிவுக்கு வருபவர்கள் உண்டு. அவரே நிதியத்தில் இருந்தபோது வட்டி, செலாவணிச் சந்தையில் தலையீடு, கடன் அபாயத்தைக் கட்டுப்படுத்தும் நிதித்துறை விதிகள், மூலதனக் கட்டுப்பாடு (எல்லை தாண்டிப் பணம் வருவதற்கும் போவதற்கும் வைக்கும் தடை) ஆகிய நான்கையும் சேர்த்து எப்போது எதைப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் முயற்சியில் முன்னின்றார். மூலதனக் கட்டுப்பாட்டை வாய்விட்டுச் சொல்லவே தயங்கிய நிறுவனம் அது. 2022-ல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி, நெருக்கடி வருமுன்பே சில தடுப்புகள் போடலாம் என்றது. ஆனால் அதிலும் நாணயத்தைக் கட்டி வை என்ற ஆலோசனை இல்லை. எகோரோவ், முகின் என்ற இரு ஆய்வாளர்கள் டாலர் பில் உலகத்தையே அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டபோது, மத்திய வங்கி உள்நாட்டு விலைவாசியைக் கவனித்துக்கொண்டு நாணயத்தை ஆடவிடுவதே இன்னமும் சிறந்தது என்று வந்தது. மிதக்கும் நாணயம் முன்பு நினைத்த அளவு பலன் தருவதில்லை என்பதும், அதைவிட நல்ல மாற்று கையில் இல்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

நடைமுறையில் நான் இப்படிப் பார்ப்பேன். ரூபாய் 5 சதவீதம் விழுந்தது என்று செய்தி வந்தால், அடுத்த ஆறு மாதத்தில் இறக்குமதி பில் ரூபாயில் எவ்வளவு ஏறுகிறது, எண்ணெய் விலை வழியாக விலைவாசிக்கு எவ்வளவு கசிகிறது, டாலரில் கடன் வாங்கிய கம்பெனிகள் யார் என்று பார்க்க வேண்டும். ஏற்றுமதியாளரிடம் கூடுதலாக வந்த ரூபாய் லாபம் ஓரிரு ஆண்டு கழித்துப் புதுத் தறியாகவும் புது ஆலையாகவும் மாறினால், அப்போது ஏற்றுமதியின் அளவு கூடலாம். மாறுமா என்பது மாற்று விகிதத்தைவிட மின்சாரம், துறைமுகம், ஜிஎஸ்டி ரீஃபண்ட் எத்தனை நாளில் வருகிறது என்பவற்றைப் பொறுத்தது.